திருகோணமலையில் மெய்யியற் கல்வி: கந்தளாய் முதல் கோணேசபுரி வரை

மெய்யியலில் உயர்கல்வி என்பது, இளைஞர் ஒருவரை உழவு, வணிகம், கூலிவேலை ஆகியவற்றிலிருந்து சில ஆண்டுகள் விடுவித்து, தகுந்த ஆசிரியரின் அருகில் இருத்தி, உண்டியும் உறையுளும் நூல்களும் கொடுத்து, ஒரே வினாவை விடாமல் பின்தொடரச் செய்யும் ஏற்பாடாகும். அந்த ஏற்பாட்டுக்கு யார் செலவு செய்கிறார்கள், எந்த மொழியில் அது நடைபெறுகிறது, எந்த நூலகம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்பனவே மாணாக்கர் எதை ஆராய்வார் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்கின்றன. இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள திருகோணமலை மாவட்டத்தின் வரலாறு இவ்வுண்மைக்கு நல்ல சான்றாகும். அதன் துறைமுகத்துக்காகப் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் நடத்திய போர்களைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டுள்ளது. அத்துறைமுகத்தின் வழியே வந்து போன சிந்தனைகளையும், அவற்றைக் கற்க முயன்றவர்களையும் ஒரே தொடராக வைத்து நோக்கும் முயற்சிகள் மிகச் சிலவே.

மாவட்டத்தின் வடபகுதியில், திரியாய்க் குன்றில், கிரிகண்டி சைத்தியம் எனப்பட்ட பௌத்தத் தலம் ஒன்று இருந்தது. அங்குள்ள பாறையில் வடமொழியில், பல்லவ கிரந்தத்தை ஒத்த எழுத்தில் பொறிக்கப்பட்ட கல்வெட்டு ஏழாம் அல்லது எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்ததென அறிஞர் கருதுவர். திரபுசகர், வல்லிகர் என்னும் பெயர்களோடு தொடர்புடைய வணிகர் கூட்டத்தையும், அவலோகிதேசுவரரையும் மஞ்சுஸ்ரீயையும் அது போற்றுகிறது. போதிசத்துவர்களை, அதாவது பிற உயிர்களின் விடுதலைக்காகத் தம் வீடுபேற்றைத் தள்ளிவைக்கும் அருளாளர்களை, நடுவில் வைத்த மகாயான பௌத்தம் கடல் வணிகரோடு இக்கரையில் வேரூன்றியிருந்ததை இக்கல்வெட்டு உணர்த்துகிறது. அனுராதபுரத்து மகாவிகாரை தேரவாதத்தைக் காத்து நின்ற ஒரு தீவில், துறைமுகப் பகுதி வேறொரு சிந்தனை மரபுக்கும் இடங்கொடுத்தது என்பது கவனத்துக்குரியது.

அதனினும் தமிழ் வாசகருக்கு நெருக்கமான தலம், பெரியகுளத்துக்கு அருகிலுள்ள வெல்கம் விகாரை. சோழர் ஆட்சிக்காலத்தில், அதாவது 993 முதல் 1070 வரையிலான காலப்பகுதிக்குள், இவ்விகாரை இராசராசப் பெரும்பள்ளி என்னும் பெயரைப் பெற்றது; பள்ளி என்ற சொல் அக்காலத்தில் பௌத்த, சமணத் துறவியரின் உறைவிடத்தைக் குறித்தது. சைவராகிய சோழ அரசரின் பெயரைத் தாங்கிய இந்தப் பௌத்தப் பள்ளிக்குத் தமிழர் பசுக்களையும் நந்தா விளக்குகளையும், அதாவது அணையாமல் எரிய வேண்டிய விளக்குகளையும், கொடையாக அளித்ததைத் தமிழ்க் கல்வெட்டுகள் பதிவு செய்துள்ளன. பசு கொடுப்பது விளக்குக்கு வேண்டிய நெய்யை ஆண்டாண்டாகப் பெறும் வழியாகும். அந்த விளக்கின் கீழ்த்தான் துறவியர் ஓதினர், நூல்களைப் படியெடுத்தனர், வாதம் செய்தனர் என்று கொள்வதில் தவறில்லை.

தமிழ்ப் பௌத்தர் எத்தகைய வாதக்கலையைப் பயின்றனர் என்பதற்கு மணிமேகலை சான்று தருகிறது. அதன் இருபத்தொன்பதாம் காதையில், பக்கம், ஏது, திட்டாந்தம் என்னும் வாத உறுப்புகளும், அவற்றில் நேரும் போலிகளும் முறையாக விளக்கப்படுகின்றன. பக்கம் என்பது நிறுவ எடுத்துக்கொண்ட கருத்து. ஏது என்பது அதற்குரிய காரணம். திட்டாந்தம் என்பது அக்காரணம் பொருந்தும் எடுத்துக்காட்டு. திக்நாகர் என்னும் பௌத்த அறிஞரின் வழிவந்த அளவையியலின் தமிழ் வடிவமே இது. அளவை என்பது ஒன்றை உண்மையென அறிவதற்கான வழி. அளவையியல் என்பது சரியான அனுமானத்தைப் பிழையானதிலிருந்து பிரித்தறியும் கலை. இன்று இலங்கையின் பள்ளிகளில் அளவையியல் ஒரு பரீட்சைப் பாடமாக இருப்பதை எண்ணும்போது, தமிழில் அப்பாடத்தின் வயது ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலானது என்பதை மறந்துவிடலாகாது.

உயர்கல்விக்கான ஏற்பாடு மிகத் தெளிவாகத் தெரியும் இடம் கந்தளாய். பெருங்குளத்தின் நீர் பாய்ந்த அவ்வூர் சோழர் காலத்தில் இராசராசச் சதுர்வேதிமங்கலம் என அழைக்கப்பட்டது. சதுர்வேதிமங்கலம் என்பது நான்கு வேதங்களிலும் வல்ல அந்தணருக்கு நிலத்தோடு அளிக்கப்பட்ட ஊர். அவ்வூர்ச் சபையினரைப் பெருங்குறிப் பெருமக்கள் எனக் கல்வெட்டு குறிப்பிடுகிறது. சோழரை வென்று பொலன்னறுவையில் ஆண்ட முதலாம் விஜயபாகு இந்த ஏற்பாட்டைக் கலைக்கவில்லை. ஊரின் பெயர் விஜயராஜச் சதுர்வேதிமங்கலம் என மாறியது, கல்வி தொடர்ந்தது. அவருடைய நாற்பத்திரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த பாலமோட்டைத் தமிழ்க் கல்வெட்டு, நங்கைசானி என்னும் அந்தணப் பெண் மறைந்த தன் கணவனின் பேரால் தென்கயிலாசம் என்னும் சிவன் கோயிலுக்கு அளித்த அறக்கொடையைக் கூறுகிறது. கணவனின் பெயரோடு கிரமவித்தன் என்னும் பட்டம் சேர்ந்திருக்கிறது. வேதத்தைக் கிரமம் என்னும் முறையில், சொற்களை இணையிணையாகக் கோத்து ஓதும் பயிற்சி முடித்தவருக்கு அப்பட்டம் வழங்கும். கந்தளாய்க் குளக்கரையில் வாழ்ந்த ஒருவர் பெற்றிருந்த கல்வித் தகுதியை அவருடைய மனைவியின் கொடை இன்றுவரை காத்து வைத்துள்ளது.

இத்தகைய ஊர்களில் கற்றவர்களின் வாழ்வு எப்படி அமைந்திருந்தது என்பதைச் சோழநாட்டின் எண்ணாயிரம் கல்வெட்டு துல்லியமாகக் காட்டுகிறது. இன்றைய விழுப்புரம் மாவட்டத்திலுள்ள அவ்வூரில், முதலாம் இராசேந்திரன் காலத்தில், 340 மாணாக்கரும் 14 ஆசிரியரும் கொண்ட கல்லூரி ஒன்று நடைபெற்றது. அவர்களுள் 270 பேர் இளநிலை மாணாக்கர். எஞ்சிய 70 பேர் முதுநிலை மாணாக்கர். அந்த 70 பேரில் 25 பேர் வியாகரணம் எனப்படும் இலக்கணத்தையும், 35 பேர் பிரபாகர மீமாஞ்சையையும், 10 பேர் வேதாந்தத்தையும் பயின்றனர். மீமாஞ்சை என்பது வேத வாக்கியங்களின் பொருளையும் கடமையின் இயல்பையும் ஆராயும் தரிசனம். பிரபாகரர் அதில் தனிவழி கண்டவர். இளநிலை மாணாக்கருக்கு நாளொன்றுக்கு ஆறு நாழி நெல்லும், முதுநிலை மாணாக்கருக்கு ஒரு குறுணி இரண்டு நாழி, அதாவது பத்து நாழி நெல்லும் ஒதுக்கப்பட்டன. ஒரு பல்கலைக்கழகத் துறை தன் முதுநிலை ஆய்வாளரின் விருப்பத் துறைகளைத் தொகுத்து வெளியிடுவதை இக்காலத்து வழக்கமாகவே பலர் கருதுவர். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, யார் எதைப் படிக்கிறார், அவருக்கு எவ்வளவு நெல் என்பது வரை கல்லில் வெட்டி வைத்த சமூகம் இது. வேதாந்தத்துக்குப் பத்துப் பேர், மீமாஞ்சைக்கு முப்பத்தைந்து பேர் என்னும் விகிதமே, சடங்குகளை நடத்திவைக்கும் அறிவுக்கு அன்றைய புரவலர் எவ்வளவு முதன்மை கொடுத்தனர் என்பதைச் சொல்லிவிடுகிறது.

பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட நிசங்கமல்லனும் கந்தளாயைச் சதுர்வேதப் பிரமபுரம் எனக் குறிப்பிடுகிறான். அங்குள்ள கல்லாசனத்தின் சிங்களக் கல்வெட்டு, பார்வதி சத்திரம் என்னும் அன்னசாலையில் நடந்த கொடையை அவன் அமர்ந்து பார்த்ததாகக் கூறுகிறது. அரசர் மாறினர், ஆட்சிமொழி மாறியது; கற்றோரைப் பேணும் வழக்கம் நிலைத்தது. கந்தளாயின் இச்செய்தி அதன் குளத்தின் புகழுக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

பொலன்னறுவை அரசு வீழ்ந்து, குளங்கள் கைவிடப்பட்டு, வறண்ட வலயம் காடான பின்னர் இந்த அறக்கட்டளைகள் மறைந்தன. சைவக் கல்வி கோணேசர் கோயிலைச் சார்ந்து தொடர்ந்தது. திருஞானசம்பந்தர் பதிகம் பெற்ற அக்கோயிலும் 1620களில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சாவின் படையால் இடிக்கப்பட்டு, அதன் கற்கள் கோட்டை கட்டப் பயன்பட்டன. ஒரு கோயில் இடிபடும்போது வழிபாட்டிடம் மட்டும் அழிவதில்லை. ஓதுவாருக்கும் புராணம் படிப்போருக்கும் சித்தாந்தம் கற்பிப்போருக்கும் நிலமானியம் வழங்கிய நிறுவனமும் சேர்ந்தே அழிகிறது. அடுத்த இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகத் திருகோணமலையில் மெய்யியல் வீட்டுத் திண்ணைகளிலும் புராண படன மண்டபங்களிலும் ஒதுங்கி வாழ நேர்ந்தது.

இந்த இருண்ட காலத்திலேயே மாவட்டத்தின் கரையோரம் உலக மெய்யியல் வரலாற்றோடு எதிர்பாராத முறையில் தொடர்பு கொண்டது. 1659ஆம் ஆண்டின் இறுதியில், மசூலிப்பட்டினத்தருகே புயலில் பாய்மரம் முறிந்த ‘ஆன்’ என்னும் ஆங்கிலக் கப்பல், பழுதுபார்ப்பதற்காகக் கொட்டியாரக் குடாவுக்குள், இன்றைய மூதூர்க் கரைக்கு, வந்து சேர்ந்தது. அடுத்த ஆண்டு கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் கப்பற் தலைவரையும், அவருடைய மகன் றொபேட் நொக்ஸையும், மாலுமிகள் சிலரையும் சிறைப்பிடித்தனர். தந்தை சிறையிருப்பிலேயே இறந்தார். மகன் பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் 1679இல் தப்பி, அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். 1681இல் இலண்டனில் அவர் வெளியிட்ட இலங்கை வரலாற்று நூலுக்கு அறிவியலாளர் றொபேட் ஹூக் முன்னுரை எழுதினார். அந்நூலைப் படித்தவர்களுள் ஆங்கில மெய்யியலாளர் ஜோன் லொக்கும் ஒருவர். 1689இல் வெளிவந்த ‘அரசாங்கம் பற்றிய இரு ஆய்வுரைகள்’ என்னும் தம் நூலின் இரண்டாம் ஆய்வுரையில், கட்டற்ற முடியாட்சி மக்களுக்குக் காவலாகும் என்பாரை மறுக்கும் இடத்தில், அண்மையில் வெளிவந்த இலங்கைச் செய்தியைப் பார்க்குமாறு லொக் வாசகரை அழைக்கிறார். மக்களின் ஒப்புதலே ஆட்சியின் அடிப்படை என்னும் கோட்பாட்டின் முதன்மை நூல்களுள் ஒன்றில், கொட்டியாரத்தில் பிடிபட்ட ஓர் இளைஞனின் அனுபவம் சான்றாக நிற்கிறது. இன்று உலகெங்கும் அரசியல் மெய்யியல் மாணவர் லொக்கைக் கற்கின்றனர். மூதூர் மாணவருக்கு இத்தொடர்பு பாடசாலையிலேயே சொல்லிக்கொடுக்கப்பட வேண்டும்.

ஆங்கிலேயர் 1795இல் துறைமுகத்தைக் கைப்பற்றிய பின், கடற்படைத் தளத்தைச் சுற்றி எழுந்த ஊரில் மிசன் பள்ளிகள் தோன்றின. கத்தோலிக்கர் திருகோணமலை மறைமாவட்டத்தை 1893இல் அமைத்து, விரைவில் அதை இயேசு சபையாரிடம் ஒப்படைத்தனர். அதே ஆண்டில் பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ கண்டிக்கு அருகே அம்பிட்டியவில் நிறுவிய குருமடம், இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பொதுவாக இருந்து, குருத்துவ மாணவருக்கு இறையியலுக்கு முன்படியாக மெய்யியலைக் கற்பித்தது. அங்கு கற்பிக்கப்பட்டது புனித தோமா அக்குவினாரின் வழிவந்த மெய்யியல், பயிற்றுமொழி இலத்தீன். மூதூர், கிண்ணியா முஸ்லிம்களின் கல்வி மரபில், அரபுக் கல்லூரிப் பாடத்திட்டங்களின் வழியே ‘மன்திக்’ எனப்படும் அளவையியலும், இறைக்கொள்கையைத் தருக்கமுறையில் நிறுவும் ‘கலாம்’ என்னும் துறையும் அறிமுகமாயின. சைவர், கத்தோலிக்கர், முஸ்லிம்கள் ஆகிய மூன்று சமயத்தாரும் அரிஸ்டோட்டிலிடமோ இந்திய அளவையியலாரிடமோ இறுதியில் சென்றுசேரும் அனுமான முறைகளை, ஒருவர் கற்பதை மற்றவர் அறியாமல், ஒரே மாவட்டத்தில் இருந்தபடியே கற்றனர் என்பது வருந்தத்தக்க உண்மை.

இலங்கையில் பல்கலைக்கழகம் இல்லாத அக்காலத்தில் தமிழ் மாணவரின் உயர்கல்வி நகரம் சென்னை. திருகோணமலையிலிருந்து அங்கு சென்றவர்களுள் தம்பிமுத்துப்பிள்ளையின் மக்கள் இருவரும் தலைசிறந்தவர்கள். மூத்தவர் தி. த. கனகசுந்தரம்பிள்ளை (1863–1922) ஏட்டுச்சுவடிகளை ஆராய்ந்து பதிப்பிக்கும் பணியில் ஈடுபட்டு, தமிழ் நாவலர் சரிதையை 1921இல் பதிப்பித்தார். இளையவர் தி. த. சரவணமுத்துப்பிள்ளை (1865–1902) மாநிலக் கல்லூரியில் பயின்று, அங்கிருந்த கீழைத்தேயச் சுவடி நூலகத்தில் பணியாற்றினார். அவர் 1892இல் வெளியிட்ட ‘தத்தைவிடு தூது’, தூது என்னும் பழைய சிற்றிலக்கிய வடிவத்தை எடுத்துக்கொண்டு, பெண்ணின் கல்வியையும், தன் துணையைத் தானே தேர்ந்துகொள்ளும் உரிமையையும் பேசியது. 1895இல் வெளிவந்த ‘மோகனாங்கி’, தமிழின் தொடக்ககால வரலாற்று நாவல்களுள் முன்னணியில் வைத்து எண்ணப்படுகிறது. சரவணமுத்துப்பிள்ளையை இலக்கிய வரலாறு நாவலாசிரியராகவே நினைவுகூர்கிறது. ஆயினும் தனிமனித உரிமை, மரபின் அதிகாரம், மொழியின் இயல்பு ஆகியவற்றைப் பற்றி அவர் எழுப்பிய வினாக்கள் ஒழுக்கவியலுக்கும் சமூக மெய்யியலுக்கும் உரியவை. அந்த நோக்கில் அவரை ஆராய்வது நெடுநாட்களாக நிலுவையில் நிற்கும் கடனாகும்.

சென்னையின் கல்லூரிகளில் மெய்யியல் மாணவர் என்ன ஆராய்ந்தனர் என்பதற்கு ச. இராதாகிருஷ்ணனின் முதுகலை ஆய்வே போதுமான சான்று. சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் ஏ. ஜி. ஹொக்கிடம் பயின்ற அவர், 1908இல் வேதாந்தத்தின் ஒழுக்கவியலைப் பற்றி எழுதினார். வேதாந்தத்தில் ஒழுக்கத்துக்கு இடமில்லை என்னும் மிசனரிமாரின் குற்றச்சாட்டே அத்தலைப்பைத் தூண்டியது. சென்னைப் பல்கலைக்கழகம் 1927இல் எஸ். எஸ். சூரியநாராயண சாஸ்திரியைக் கொண்டு மெய்யியல் துறையை அமைத்த பின்னர், ஆய்வு மூலநூல்களின் பக்கம் திரும்பியது. வ. அ. தேவசேனாபதி சிவஞான சித்தியாரையும் அதன் ஆறு உரைகளையும் ஒப்புநோக்கி எழுதி 1960இல் வெளியிட்ட நூல் சைவசித்தாந்த ஆய்வில் இன்றும் அடிப்படை நூலாக விளங்குகிறது. குற்றச்சாட்டுக்கு விடை கூறும் ஆய்விலிருந்து, உரைகளை உள்ளிருந்தே ஆராயும் ஆய்வுக்கு அரை நூற்றாண்டில் நேர்ந்த மாற்றம் இது.

திருகோணமலைக்குள்ளேயே மெய்யியலை மீளக் கொண்டுவந்தவர் சுவாமி விபுலாநந்தர். காரைதீவில் 1892இல் பிறந்த, மயில்வாகனனார் என்னும் இயற்பெயர் கொண்ட அவர், விஞ்ஞானத்தில் இலண்டன் பட்டமும், மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதப் பட்டமும் பெற்று, 1922இல் மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து, 1924இல் துறவு பூண்டார். அங்கிருந்த காலத்தில் ‘இராமகிருஷ்ண விஜயம்’, ‘வேதாந்த கேசரி’ ஆகிய இதழ்களின் ஆசிரியப் பணியில் ஈடுபட்ட அவர், 1925இல் இலங்கைக்குத் திரும்பினார். திருகோணமலையில் 1897இல் தோன்றிய இந்துப் பாடசாலை 1925ஆம் ஆண்டிலேயே இராமகிருஷ்ண மிசனின் பொறுப்பில் வந்தது. விபுலாநந்தர் அதன் தலைமைப் பொறுப்பையும் ஏற்று நடத்தினார். இன்றைய ஸ்ரீ கோணேஸ்வரா இந்துக் கல்லூரி அதுவே. வேதாந்தத்தைக் கற்ற துறவி ஒருவர் பௌதிகமும் கணிதமும் கற்பிக்கும் பாடசாலையை நடத்தியதில் முரண்பாடு ஏதும் இல்லை என்பதை அவருடைய எழுத்துகள் காட்டுகின்றன. விவேகானந்தரின் ஞானயோகம், கர்மயோகம் முதலிய உரைகளைத் தமிழில் தந்த அதே கை, சென்னையில் கலைச்சொல்லாக்கக் குழுவுக்குத் தலைமை தாங்கி, 1930களின் இறுதியில் விஞ்ஞானக் கலைச்சொற்களைத் தொகுக்கவும் உழைத்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகவும், 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகவும் விளங்கிய அவர், இடையில் இமயத்து மாயாவதியில் ‘பிரபுத்த பாரத’ ஆங்கில இதழுக்கும் ஆசிரியராக இருந்தார். கீழைக்கரையில் மெய்யியல் மாணவர் ஒருவருக்கு முன்மாதிரி தேவைப்படின், வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் கொழும்பில் தொடங்கி, பின்னர் பேராதனைக்குப் பெயர்ந்தது. அங்குள்ள மெய்யியல் துறைக்கு உலகப் புகழ் தேடித் தந்தவர் கு. ந. ஜயதிலக்க (1920–1970). 1940களில் கேம்பிரிட்ஜில் பயின்றபோது லுட்விக் விற்கன்ஸ்ரைனின் வகுப்புகளில் இருந்த அவர், பாளி நிக்காயங்களில் புத்தர் அறிவின் வழிகளைப் பற்றிக் கூறியவற்றை இருபதாம் நூற்றாண்டின் பகுப்பாய்வு மெய்யியல் முறையில் ஆராய்ந்து, 1963இல் ‘தொடக்ககாலப் பௌத்த அறிவாராய்ச்சியியல்’ என்று தமிழில் சொல்லத்தக்க பெருநூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். பகுப்பாய்வு மெய்யியல் என்பது, கூற்றுகளின் பொருளைத் தெளிவாக்குவதையே மெய்யியலின் முதற்பணியாகக் கொள்ளும் அணுகுமுறை. டேவிட் கலுபகன முதலிய அவருடைய மாணவர் அவ்வழியே சென்று பௌத்த மெய்யியலை உலகப் பல்கலைக்கழகங்களுக்குக் கொண்டு சேர்த்தனர். திக்நாகரின் அளவையியலைத் தமிழில் தந்த மணிமேகலையும், தமிழரின் கொடையால் வாழ்ந்த வெல்கம் பள்ளியும் அந்த ஆய்வு வரைபடத்துக்குள் வரவில்லை. பாளியும் ஆங்கிலமும் கற்ற ஆய்வாளர்களே துறையில் பெரும்பான்மையினராக இருந்தமையால் இக்குறை நேர்ந்தது. தமிழறிந்த பௌத்த மெய்யியல் ஆய்வாளர் உருவாகியிருந்தால் படம் வேறாக இருந்திருக்கும்.

1960ஆம் ஆண்டளவில் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் சிங்களமும் தமிழும் பயிற்றுமொழிகளாயின. அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. மெய்யியல் ஆங்கிலம் கற்ற சிலரின் உடைமை என்ற நிலை மாறி, மூதூர், தம்பலகாமம், நிலாவெளி ஆகிய ஊர்களிலிருந்து வந்த மாணவரும் அதைத் தமது மொழியிலேயே கற்கலாயினர். அந்த மாற்றத்தின் நுழைவாயில் கல்விப் பொதுத் தராதர (க.பொ.த.) உயர்தரக் கலைப்பிரிவில் உள்ள ‘அளவையியலும் விஞ்ஞான முறையும்’ என்னும் பாடமாகும். பல்கலைக்கழகத்தில் மெய்யியலைச் சிறப்புப் பாடமாக எடுக்கும் தமிழ் மாணவர் பலர் முதன்முதலில் மெய்யியலைச் சந்திப்பது இப்பாடத்திலேயே.

அதன் வகுப்பறையை அருகிருந்து நோக்குவது பயன்தரும். பதம், எடுப்பு, நியாயத்தொடை என்னும் மரபு அளவையியற் பகுதிகளைக் கடந்த மாணவர், குறியீட்டு அளவையியலில் உண்மை அட்டவணை அமைக்கக் கற்கிறார். ‘வாடைக்காற்று வீசினால் வள்ளம் கடலுக்குப் போகாது’ என்னும் நிபந்தனை எடுப்பை எடுத்துக்கொண்டால், அட்டவணையில் நான்கு வரிசைகள் அமையும். காற்று வீசியும் வள்ளம் போன வரிசையில் மட்டுமே எடுப்பு பொய்யாகிறது. காற்றே வீசாத இரு வரிசைகளிலும், வள்ளம் போனாலும் போகாவிட்டாலும், எடுப்பு உண்மையாகவே நிற்கிறது. மாணவர் பெரும்பாலும் தயங்குவது இவ்விடத்தில்தான். கூற்று ஒன்று எதை மறுக்கிறது, எதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் அத்தயக்கத்திலிருந்தே பிறக்கிறது. பின்னர் விஞ்ஞான முறையில், கருதுகோள் பொய்ப்பிக்கத்தக்கதாக இருக்கவேண்டும் என்ற கார்ல் பொப்பரையும், விஞ்ஞானம் கட்டளைப்படிமங்களின் மாற்றத்தால் வளர்கிறது என்ற தோமஸ் கூனையும் அவர் சந்திக்கிறார். கட்டளைப்படிமம் என்பது ஒரு காலத்து அறிஞர் சமூகம் பொதுவாக ஏற்று இயங்கும் கோட்பாட்டுச் சட்டகம். புள்ளி பெறுவதற்காகத் தெரிவு செய்யப்படும் பாடமாக இது பலருக்கு முடிந்துபோவது உண்மையே. எனினும் இவ்வளவு கடினமான சிந்தனைப் பயிற்சி இவ்வளவு பரவலாகத் தமிழில் நடைபெறுவதைத் தமிழுலகம் போதிய அளவு அறியவில்லை.

1974இல் பரமேஸ்வராக் கல்லூரி வளாகத்தில், க. கைலாசபதியை முதல் தலைவராகக் கொண்டு யாழ்ப்பாண வளாகம் தொடங்கியதும், தமிழ்வழி மெய்யியல் ஆய்வுக்கு நிலையான இடம் கிடைத்தது. அங்கு பேராசிரியர் சோ. கிருஷ்ணராஜா அழகியலிலும் சைவசித்தாந்தத்தின் மறுவாசிப்பிலும், பேராசிரியர் நா. ஞானகுமாரன் சித்தாந்த விளக்கத்திலும் நூல்கள் எழுதினர். சித்தாந்தம் யாழ்ப்பாணத்து மெய்யியலின் மையத்தில் இருந்தது இயல்பே. ஆறுமுக நாவலர் காலந்தொட்டு அங்கே உரைகளும் பதிப்புகளும் ஆசிரியர்களும் திரண்டிருந்தனர். மார்க்சியத்தின் செல்வாக்கும் பின்னர் வந்த அமைப்பியல், பின்நவீனத்துவ விவாதங்களும் அம்மையத்தோடு உரசின. திருகோணமலை மாணவர் அங்கு சென்று இவற்றைக் கற்றனர். தம் ஊரின் கல்வெட்டுகளும் கடலும் ஆய்வுப் பொருளாகலாம் என்ற எண்ணத்துக்கு அங்கும் வாய்ப்புக் குறைவாகவே இருந்தது.

1983க்குப் பின் நீண்ட போரில் யாழ்ப்பாணத்துக்கான பாதைகள் அடிக்கடி மூடப்பட்டன. வந்தாறுமூலையில் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் முழுநிலை பெற்ற கிழக்குப் பல்கலைக்கழகம் மாற்று வழியாயிற்று. அதன் கலைப் பிரிவில் மெய்யியலும் ஒரு பாடம். அப்பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் நிலாவெளி வீதியில், கோணேசபுரியில் அமைந்துள்ளது. மொழியும் தொடர்பாடலும், முகாமைத்துவம், கணினி விஞ்ஞானம், சித்த மருத்துவம் ஆகியன அங்கு கற்பிக்கப்படுகின்றன. மெய்யியலுக்கெனத் தனித்துறை அமையவில்லை. ஆகவே இம்மாவட்டத்து மாணவர் நான்காண்டுச் சிறப்புக்கலைப் பட்டத்துக்கும், அதன்பின் முதுகலைமாணி, முதுதத்துவமாணி, கலாநிதி ஆகிய ஆய்வுநிலைகளுக்கும் பேராதனை, யாழ்ப்பாணம், வந்தாறுமூலை என்றே செல்ல வேண்டியிருக்கிறது. முதுதத்துவமாணி என்பது கலாநிதிக்கு முந்திய முழுமையான ஆய்வுப் பட்டம். அதற்கு மேற்பார்வையாளர் ஒருவரின் ஒப்புதல் வேண்டும். மேற்பார்வையாளர் எதில் வல்லவரோ அதைச் சார்ந்தே மாணவரின் தலைப்பும் அமைகிறது. எண்ணாயிரத்தில் நெல் அளந்தவர் முடிவு செய்ததைப் போலவே இன்றும் துறையின் ஆளணியும் நூலகமும் ஆய்வின் திசையை முடிவு செய்கின்றன.

தலைப்புகளுக்குத் திருகோணமலையில் பஞ்சமில்லை. தமிழ்ப் பௌத்தரின் அளவையியலை வெல்கம் கல்வெட்டுகளோடு சேர்த்து வாசிக்க ஒருவர் வேண்டும். கட்டற்ற அதிகாரத்தைப் பற்றிய லொக்கின் வாதத்தில் நொக்ஸின் செய்திக்குரிய இடத்தை, கண்டியரசின் சான்றுகளையும் கொண்டு எடைபோட ஒருவர் வேண்டும். தத்தைவிடு தூதின் விடுதலைக் கருத்தையும், விபுலாநந்தரின் வேதாந்தமும் விஞ்ஞானமும் சந்திக்கும் இடத்தையும் ஆராய்வோர் வேண்டும். சிவஞான சித்தியாரின் பரபக்கம் பௌத்தரை மறுக்கும் முறையையும், கிண்ணியா மாணவர் ஓதும் மன்திக்கையும் ஒப்புநோக்குவதற்குத் தமிழ், அரபு இரண்டும் அறிந்த ஒருவரை இம்மாவட்டத்தால் உருவாக்க இயலும். கோணேசபுரி வளாகத்தில் மெய்யியலுக்கு ஓர் இருக்கையேனும், ஆண்டுக்கு இரண்டோ மூன்றோ ஆய்வு மாணவருக்கு உதவித்தொகையேனும் ஏற்படுத்துவது, வெளிநாடுகளில் வாழும் திருகோணமலைத் தமிழரும் ஊரிலுள்ள வணிகரும் ஒன்றுசேர்ந்தால் முடியாத காரியமன்று; கந்தளாயில் ஒரு தனிப்பெண் தன் கணவனின் பேரால் அறக்கொடை செய்திருக்கிறாள். அதுவரையில், பழைய பாடசாலை ஆண்டுமலர்களும், கையெழுத்து வகுப்புக் குறிப்புகளும், ஏடுகளும் தம் வீட்டில் இருப்போர் அவற்றைக் கறையானுக்கு விட்டுவிடாமல், இலங்கைத் தமிழ் ஆவணங்களை மின்வடிவில் பாதுகாத்துவரும் நூலக நிறுவனத்திடம் படியெடுக்கக் கொடுத்துதவ வேண்டும்.